திங்கள், வியாழன், மழை இல்லையென்றால்

தீவு
ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை சுஜிதா எழுதுவது. நானும் இவுகளும் இங்கே சுகம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தானுக்கு முதுகுவலி குறைந்ததா, இல்லை அருவியில் டியூட்டி போட்டு இன்னும் கூட்டிவிட்டார்களா?

நேற்று போன் பாதியில் அறுந்தது. "ஏட்டி, கேக்குதா, கேக்குதா"ன்னு நீ கத்தினது மட்டும் எனக்குக் கேட்டது. நான் சொன்னது உனக்கு ஒன்றும் கேட்டிருக்காது. இந்தத் தீவுக்கே ஒரே ஒரு டவர்தான். காற்று அடித்தால் அதுவும் போய்விடும். அதனால் இனிமேல் முக்கியமானதைக் கடிதத்தில் எழுதுகிறேன். தபால் பையும் இவுக கம்பெனி விமானத்தில்தான் போர்ட் பிளேர் போகிறது. விமானம் போனால் கடிதம் போகும், போகாவிட்டால் மேசையில் கிடக்கும்.

இவுக வேலையைக் கேட்டாயே, சொல்கிறேன். ஒன்பது பேர் உட்காரும் குட்டி விமானம். திங்கள், வியாழன் வரும், மழை இல்லையென்றால். டிக்கெட் கொடுப்பது, மூட்டை ஏற்றுவது, ஓடுபாதையில் மாடு விரட்டுவது எல்லாம் இவுகளும் செல்லச்சாமி என்கிற லோடரும்தான். விமானம் சின்னதல்லவா, மூட்டையை மட்டுமல்ல, ஆளையும் தராசில் நிறுத்துவார்கள். போன வாரம் டீச்சர் ஒருத்தி, "எடையைச் சத்தமாச் சொல்லாதீங்க சார்"னு இவுக வாயையே பொத்தப் போய்விட்டாள்.

இப்போது முக்கியமான விஷயம். எனக்கு ஐந்தாம் மாதம் பிறந்துவிட்டது. இங்கே ஆஸ்பத்திரி உண்டு, டாக்டரம்மாவும் உண்டு. ஆபரேஷன் வசதி கிடையாது, ரத்தம் கிடையாது. கம்பெனியில் ஏழு மாதம் வரைக்கும் கேள்வி கேட்காமல் ஏற்றுவார்கள். ஏழு முடிந்தால் டாக்டர் சீட்டு வேண்டும். எட்டு முடிந்தால் அந்தக் குற்றாலநாதரே கையெழுத்துப் போட்டாலும் ஏற்றமாட்டார்கள். அதோடு ஜூனில் மழை பிடித்தால் விமானம் வருவது நிச்சயமில்லை. அதனால் ஜூன் முதல் வாரமே புறப்பட்டு வந்துவிடட்டுமா? அம்மா இருந்தால் அம்மாவைக் கேட்டிருப்பேன். இப்போது உன்னைத்தான் கேட்கிறேன்.

உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
சுஜி


ஐந்தருவி ரோடு, குற்றாலம்
ஏப்ரல் 29

அருமைத் தங்கச்சிக்கு,

அக்கா சங்கரேஸ்வரி எழுதுவது. குற்றாலநாதர் புண்ணியத்தில் நாங்கள் சுகம். வயிற்றுப் பிள்ளையும் நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருக்க வேண்டும்.

கேட்கிற கேள்வியைப் பார்! "வரட்டுமா"வாம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருவதற்கு எவளாவது அனுமதி கேட்பாளா? அம்மா போனால் தாய்வீடு போய்விடுமா? அது இப்போது என் வீட்டில் இருக்கிறது. மேற்கு அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. உங்க அத்தான் தொட்டில் கம்பி மாட்டுகிறேன் என்று ஏறி, சுவரில் பாதியைப் பெயர்த்துவிட்டார். ஏட்டு உத்தியோகம் பார்க்கிறவருக்கு ஆணி அடிக்கத் தெரியவில்லை.

ஆனி நாலாம் தேதி வளைகாப்பு. ஏழு பிறந்திருக்கும், நாளும் நன்றாக இருக்கிறது. அதற்கு நாலைந்து நாள் முந்தியே நீ இங்கே இருக்க வேண்டும். சீசன் தொடங்கிவிடும், கடையில் ரம்புத்தானும் மங்குஸ்தானும் குவிந்து கிடக்கும். நீ உட்கார்ந்து தின்னு, நான் விற்கிறேன்.

ஆளைத் தராசில் நிறுத்துகிற பிளேன் எல்லாம் ஒரு பிளேனா? நல்லவேளை, நான் ஏறப்போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பப்பாளி பக்கம் போகாதே.

அக்கா


குற்றாலம்
மே 22

தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. நான் போட்ட கடிதத்துக்கு உன் பதில் வருவதற்குள் அடுத்ததைப் போடுகிறேன், கோபிக்காதே.

நாள் கொஞ்சம் தள்ளிப் போகிறது. ஆனி நாலு உன் நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். ஆனி இருபத்திரண்டு ஞாயிற்றுக்கிழமை, ரொம்ப நல்ல நாள். சங்கரன்கோவில் அத்தைக்கும் அப்போதுதான் வரத் தோதுப்படும். அவள் வந்தால் ஒரு நிறைவாக இருக்கும், இல்லையா? நாலு பிள்ளை பெற்று நாலும் நல்லா இருக்கிற கை.

ஆகவே ஜூலை மூணாம் தேதி வியாழக்கிழமைக்கு டிக்கெட் போடச் சொல். மறுநாள் சென்னை, ராத்திரி பொதிகை, சனிக்கிழமை காலை தென்காசி ஸ்டேஷனில் உங்க அத்தான் நிற்பார்.

ஏழு மாதம் முடியாமல்தானே இருக்கும்? முடியாது. நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டேன்.

அக்கா


தீவு
ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் கையில் கிடைத்தன. முதலாவதைப் படித்துச் சிரித்துவிட்டு இரண்டாவதைப் பிரித்தேன். நாங்கள் சுகம். அங்கே சாரல் விழத் தொடங்கிவிட்டதா?

அக்கா, நாளைத் தள்ளுவது அங்கே சின்ன விஷயம். இங்கே அப்படி இல்லை. போன வாரம் இரண்டு நாளும் விமானம் வரவில்லை. வானம் கறுத்தால் பைலட் போர்ட் பிளேரிலேயே இருந்துவிடுவார், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கம்பெனிக்கு இருப்பதே இரண்டு விமானம், ஒன்று எப்போதும் ரிப்பேரில் கிடக்கும். வராத நாளின் ஆட்கள் எல்லாம் அடுத்த நாளுக்குச் சேர்ந்துகொள்கிறார்கள். ஒன்பது சீட்டுக்கு முப்பது பேர் வந்து நின்று இவுக சட்டையைப் பிடிக்கிறார்கள்.

அதனால் ஒன்று கேட்கிறேன், திட்டாதே. வளைகாப்பு இல்லாமலே இப்போது வந்துவிடவா? பிறகு அங்கே இருந்துகொண்டே ஆனி இருபத்திரண்டுக்குச் செய்துகொள்ளலாமே. பதினைந்தாம் தேதிவாக்கில் இடம் இருக்கிறது என்று இவுக சொல்லுதாக.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. என் செருப்பு பற்றாமல் இவுக செருப்பைப் போட்டுக்கொண்டு திரிகிறேன். செல்லச்சாமி பார்த்துச் சிரிக்கிறான்.

சுஜி


குற்றாலம்
ஜூன் 18

சுஜிக்கு,

சுகம். உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. நீ கேட்ட பதினைந்தாம் தேதி போய்விட்டது, பிறகு நான் என்ன சொல்ல?

கடிதம் முந்தியே வந்திருந்தாலும் நான் சம்மதித்திருக்க மாட்டேன். புருஷன் வீட்டிலிருந்து வெறுங்கையோடு வந்து இறங்கி மூன்று வாரம் உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் என்ன கேட்பார்கள்? என் நாத்தனார் நிர்மலாதேவி ஒருத்தி போதாதா? "வளைகாப்புக்கு முந்தியே தங்கச்சி வந்துட்டாளே, அங்கன என்ன பிரச்சினை"ன்னு தெருத்தெருவாகக் கேட்பாள். எல்லாம் ஜூலை மூணுக்கே இருக்கட்டும். டிக்கெட் போட்டாச்சு இல்லையா? போட்டவர் உன் வீட்டுக்காரர். ஏற்றுகிறவரும் அவர்தான். பிறகு உனக்கு என்ன பயம்?

ஒன்று சொல்லு. செருப்பு ஏன் பற்றவில்லை? காலில் எவ்வளவு வீக்கம்? டாக்டரம்மாவிடம் காட்டினாயா? "விசேஷம் ஒன்றுமில்லை"ன்னு எழுதிவிட்டு அடுத்த வரியில் அதை ஒளித்து வைத்தால் நான் பார்க்கமாட்டேன் என்று நினைத்தாயா? உன்னைத் தூக்கி வளர்த்தவடி நான். உடனே பதில் போடு.

அக்கா


தீவு
ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீ கவலைப்படாதே.

நேற்று வர முடியவில்லை. இடம் இல்லாமல் போய்விட்டது. போனில் சொல்லப் பார்த்தேன், உனக்குக் கேட்டதோ என்னவோ. அதனால் இந்தக் கடிதத்தைக் கப்பலில் போகிற ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறேன். வருகிற திங்கட்கிழமை கட்டாயம் புறப்பட்டுவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்குத்தான் இருக்க முடியாது. அத்தையிடம் நீ ஏதாவது சொல்லிச் சமாளி. ஆனி முடிவதற்குள் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

கால் வீக்கம் எல்லாருக்கும் இருப்பதுதானாம். இவுக பேரில் கோபப்படாதே, இவுக என்ன செய்வாக.

சுஜி


குற்றாலம்
ஜூலை 14

சுஜிதாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் "சுகம்" என்று எழுதுவாய்.

போனில் "வரல"ன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டது, அத்தோடு அறுந்துவிட்டது. ஏன் வரவில்லை, எப்போது வருவாய், ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஏழு வகைச் சோறு ஆக்கி வைத்திருந்தேன். அத்தை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். நாற்காலியில் உட்கார ஆளில்லை. "புள்ளத்தாச்சி இல்லாத வளைகாப்பை இன்னைக்குத்தான் பாக்கேன்"ன்னு நிர்மலாதேவி சொன்னாள். அவளை அன்றைக்கு உங்க அத்தான்தான் வெளியே கூட்டிக்கொண்டு போனார். இல்லையென்றால் சாம்பார்ச் சோற்றுச் சட்டியை அவள் தலையில் கவிழ்த்திருப்பேன்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். நேற்று கடையநல்லூர் ஆசிப் கடைக்கு வந்தான். போர்ட் பிளேர் ஏர்போர்ட் கேன்டீனில் வேலை பார்க்கிறானே, அந்தப் பையன்தான். லீவில் வந்திருக்கிறான். "ஏன்ப்பா, மூணாம் தேதி பிளேனே வரலியா"ன்னு கேட்டேன். "வந்துச்சே அக்கா. ஒம்பது பேரும் இறங்கினாக. உங்க தங்கச்சி சீட்டுல ஒரு காலேஜ் பிள்ளை வந்திச்சி. அவுக வீட்டுக்காரர் சுடலைமுத்து அண்ணன்தான் ஏத்திவிட்டாகன்னு அந்தப் பிள்ளையே சொல்லி அழுதிச்சே"ங்கிறான்.

இடம் இல்லாமல் போகவில்லை. இருந்த இடத்தை உன் புருஷன் தூக்கிக் கொடுத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் தர்மம் பண்ணுகிறவருக்குச் சொந்தப் பெண்டாட்டி வயிறு கண்ணுக்குத் தெரியவில்லையா? சாகக்கிடக்கிற ஆளுக்குக் கொடுத்திருந்தால்கூட மனசு ஆறும். படிக்கப்போகிற பிள்ளைக்காம்! உன் கடிதம் இன்று காலையில் வந்தது. திங்கட்கிழமை வருவேன் என்கிறாய். அந்தத் திங்களும் போய், இன்றைக்கு அடுத்த திங்களும் வந்தாயிற்று. நீ வரவில்லை.

உன் புருஷனுக்கு இதைப் படித்துக் காட்டு. ஒரு வரி விடாமல் காட்டு.

சங்கரேஸ்வரி


தீவு
ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கப்பலில் வந்தது. இந்தக் கடிதமும் திரும்பிப் போகிற அதே கப்பலில், ஒரு போலீஸ்காரர் கையில் வருகிறது. இதற்குப் பிறகு அந்தக் கப்பலும் ரிப்பேருக்குப் போகிறதாம்.

இவுகளிடம் படித்துக் காட்டினேன். ஒரு வரி விடவில்லை. கேட்டுவிட்டு எழுந்து போய் ஓடுபாதையில் மழையில் நின்றுகொண்டிருந்தாக. செல்லச்சாமி போய்க் கூட்டி வந்தான்.

இனி மறைக்கவில்லை. அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு மறுநாள் காலையில் நர்சிங் கவுன்சிலிங். போகாவிட்டால் ஒரு வருஷம் போச்சு. அவள் அப்பா மீன் பிடிக்கிறவர். தராசுப் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இவுக என் முகத்தைப் பார்த்தாக. "நீ என்ன சொல்லுத"ன்னு கேட்டாக. நான்தான் தலையை ஆட்டினேன். திங்கட்கிழமை விமானம் வரும் என்று இரண்டு பேருமே நம்பினோம். அப்படி நம்பாமல் இந்தத் தீவில் ஒரு நாள்கூடக் குடும்பம் நடத்த முடியாது, அக்கா. அன்று போன விமானம் இன்னும் வரவில்லை. முதலில் மழை, பிறகு எஞ்சினுக்கு ஏதோ சாமான் சென்னையிலிருந்து வர வேண்டுமாம்.

இப்போது ஏழு முடிந்துவிட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் ஏற முடியாது. டாக்டரம்மா பிரஷர் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார். கப்பலில் போகிறேன் என்றேன். "ரெண்டு ராத்திரி இந்தக் கடல்லயா? நடுவழியில ஏதாவது ஆனா யாரு பாப்பா"ன்னு சத்தம் போட்டார். வீக்கம் இப்போது முகத்துக்கும் வந்துவிட்டது. காலையில் கண்ணாடி பார்ப்பதில்லை. பயமாக இருக்கிறது. இவுக எதிரில் அழமுடியாது, அதனால் உனக்கு எழுதிக்கொண்டே அழுகிறேன்.

நீயும் ஒன்றை மறைத்தாய். ஜோசியர் மேல் பழியைப் போடாதே. என்றைக்கு நீ சந்திராஷ்டமம் பார்த்தாய்? கடை திறந்த நாளே அஷ்டமி. பிள்ளை இல்லாதவள் முதல் வளையல் போடக்கூடாது என்று உன் நாத்தனார் சொல்லியிருப்பாள். நீ வாயை மூடிக்கொண்டு, அத்தைக்குத் தோதான நாளாகப் பார்த்து மாதக்கடைசிக்குத் தள்ளியிருப்பாய். எனக்கு அத்தை கையா வேண்டும்? நீ போட்டால் போதும் என்று நான் சொல்லியிருப்பேன். நீ என்னைக் கேட்கவே இல்லையே அக்கா.

சுஜி


குற்றாலம்
ஆகஸ்ட் 3

என் தங்கத்துக்கு,

ஆமா. நீ சொன்னதுதான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதத் தெம்பில்லை. என் ராசி உன் பிள்ளையைத் தொட்டுவிடக்கூடாது என்று பயந்தேன். பயந்து பயந்தே உன்னை அங்கே மாட்டிவைத்துவிட்டேன்.

அழுது முடித்துவிட்டேன். இப்போது கேள். ஆசிப் ஒன்று சொன்னான். தீவிலிருந்து வருகிற சீட்டுக்குத்தான் அடிபிடியாம். தீவுக்குப் போகிற பிளேன் பாதி காலியாகத்தான் போகுமாம். "மழைக்காலத்துல அங்கன யாரு அக்கா போவா"ங்கிறான். நான் போவேன். நீ இங்கே வர முடியாவிட்டால் தாய்வீடு அங்கே வருகிறது.

கடையைப் பக்கத்துக் கடை ஷரீபுன்னிசா பார்த்துக்கொள்வாள். "சீசன் நடுவுல எவளாவது கடையப் போட்டுட்டுப் போவாளா"ன்னு முதலில் கேட்டவள், விஷயம் தெரிந்ததும் சாவியைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். ஆடி மாதம் இப்படிப் பிரயாணம் போகலாமா என்று நிர்மலாதேவி கேட்டாள். ஆடியாவது ஆவணியாவது, போடீ என்றுவிட்டேன். உங்க அத்தான் சிரிக்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

எஞ்சின் சாமான் வந்து பிளேன் பறக்கத் தொடங்குகிற அன்றைக்கு நான் போர்ட் பிளேரில் நிற்பேன். தைரியமாக இரு. உப்பைக் குறை.

வந்துகொண்டிருக்கும்,
அக்கா


தீவு
ஆகஸ்ட் 20

சுஜிக்கு,

எந்த ஆஸ்பத்திரியில், எந்தக் கட்டிலில் இருக்கிறாய் என்று தெரியாமல் எழுதுகிறேன். இதை எப்போது கொண்டுபோவார்களோ, அதுவும் தெரியாது. நீங்கள் போன அன்றைக்கு ராத்திரி அடித்த காற்றில் டவர் போய்விட்டது. பிளேன் இல்லை, கப்பலும் இல்லை. உன் வீட்டில் உன் பாயில் உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கு அன்றைக்கு நினைவு இருந்ததோ என்னவோ, அதனால் சொல்கிறேன். போர்ட் பிளேரில் என்னைத் தராசில் நிறுத்தினார்கள். அந்தப் பையன் எடையைச் சத்தமாகத்தான் சொன்னான், எனக்கு வெட்கம்கூட வரவில்லை. பிளேனில் நானும் இரண்டு போலீஸ்காரரும் தபால் மூட்டையும்தான். நான் வருகிறேன் என்று எழுதின கடிதமும் அந்த மூட்டைக்குள்ளேயே வந்தது. இறங்கிப் பார்த்தால் நீ ஜீப்பில் ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறாய். முகம் அடையாளம் தெரியவில்லை. அன்று காலையில் உனக்கு வலிப்பு வந்துவிட்டதாக டாக்டரம்மா சொன்னார். இதே பிளேனில் கொண்டுபோய் ஆபரேஷன் பண்ணாவிட்டால் இரண்டு உயிரும் இல்லை என்றார்.

சீட்டுகளைக் கழற்றி ஸ்ட்ரெச்சரை வைத்தார்கள். நான் ஏறி உன் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டேன். பைலட் கணக்குப் பார்த்தார். நீ, ஆக்சிஜன் சிலிண்டர், டாக்டரம்மா, உன் வீட்டுக்காரர். ஓடுபாதை ஈரம், இதற்கு மேல் எடை கூடாது என்றார். அப்போது உன் வீட்டுக்காரர் தான் இறங்கப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடப் புருஷன் வேண்டும் என்று டாக்டரம்மா விடவில்லை. "மைனி, நீங்க இறங்குங்க. கையெடுத்துக் கும்பிடுதேன்"னார். அத்தனை தூரம் வந்து, உன் கையைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம்கூட இல்லை. இறங்கினேன்.

இறங்குவதற்கு முந்தி நீ கண்ணைத் திறந்து, "போடு"ன்னாய். பையில் வளையல் இருந்தது உனக்கு எப்படித் தெரியும்? வலது கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. இடது கையை எடுத்தேன். வீங்கி இருந்த கையில் பெரிய அளவு வளையல் இரண்டுதான் ஏறிற்று. மற்றதெல்லாம் உடைந்துவிடும் போல் இருந்தது. முதல் வளையலை நான்தான் போட்டேன். பயந்துகொண்டேதான் போட்டேன்.

இன்று மத்தியானம் போலீஸ் ஒயர்லெஸ்ஸில் தகவல் வந்தது என்றார்கள். ஓடினேன். "டெலிவரி ஓவர்"னு மட்டும்தான் வந்ததாம். தாய் இருக்கிறாளா, பிள்ளை இருக்கிறதா என்று கேட்டால் அந்தப் போலீஸ்காரன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். திரும்பக் கேட்டால் மழையில் லைன் கிடைக்கவில்லை.

சோறு இறங்கவில்லை. செல்லச்சாமி பெண்டாட்டி கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

சுஜி, இருக்கிறாய் அல்லவா?

அக்கா


போர்ட் பிளேர்
ஆகஸ்ட் 28

அன்புள்ள அக்காவுக்கு,

இருக்கிறேன். பெண்பிள்ளை. அவளும் இருக்கிறாள்.

உனக்குத் தகவல் எப்படி வந்ததோ, எவ்வளவு தவித்தாயோ. இவுக தினமும் கம்பெனி ஆபீசில் போய் நின்று தீவுக்கு லைன் கேட்கிறாக, கிடைக்கவில்லை. எனக்கு இப்போதுதான் பேனா பிடிக்க முடிகிறது. நீ வந்தது எனக்குக் கனவு மாதிரிதான் இருந்தது. கையில் இரண்டு வளையலைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். ஆபரேஷனுக்கு முந்தி நர்ஸ் கழற்றச் சொன்னாள். கழலவில்லை. உடைக்கப் போனாள், நான் விடவில்லையாம். மேலே பிளாஸ்திரி சுற்றி உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள்.

பிள்ளை ஒன்றேமுக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். நன்றாகக் கத்துகிறாள், உன் குரல். செப்டம்பர் மூன்றாம் தேதி வெளியே எடுத்துத் தருவார்களாம். என் மாமியார் ஆலங்குளத்திலிருந்து வந்துவிட்டார். "எங்க வீட்டுப் பேத்தியை முதல்ல என் மடியிலதான் போடணும்"னு சொல்லுதாக. நான் முடியாது என்றுவிட்டேன். எனக்கு அடுத்தபடி முதல் மடி எங்க அக்கா மடிதான், அவள் வருகிற வரைக்கும் யாருக்கும் கிடையாது என்றேன். மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். தூக்கட்டும். இந்த விஷயத்தில் இனி யார் பேச்சையும் கேட்கமாட்டேன்.

முதல் தேதி திங்கட்கிழமை விமானம் போகிறது. திரும்புகிற சீட்டில் உன் பேரை முதலாவதாக எழுதச் சொல்லி இவுக கம்பெனியில் சொல்லிவிட்டாக. அதில் ஏறி வந்துவிடு. அக்கா, வந்துவிடு.

சுஜி


தீவு, ஓடுபாதை
செப்டம்பர் 1

என் கண்ணே சுஜி,

உன் கடிதத்தைத் தபால் பையிலிருந்து எடுத்து பைலட்டே என் கையில் கொடுத்தார். முதல் வரியைப் படித்துவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். செல்லச்சாமி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தான். பிறகு விஷயம் தெரிந்து, அவனும் அழுகிறான், மூக்கைச் சிந்துகிறான்.

பிளேன் திரும்பக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. தராசுப் பலகையின் மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன்.

என் பேர் முதலாவதாகத்தான் இருந்தது. எடை போட்டாயிற்று. பையை ஏற்றியாயிற்று. அப்போது ஒரு கிழவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். நேற்றிலிருந்து மூத்திரம் அடைத்துவிட்டதாம். வயிறு பானை மாதிரி இருக்கிறது. உன்னோடு போன டாக்டரம்மா இன்னும் திரும்பவில்லை, புதிதாக வந்திருக்கிற கம்பவுண்டருக்குக் குழாய் போட வரவில்லை. மற்ற எட்டுப் பேரும் ஒரே கூட்டம், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளும் அவர்களுடைய வாத்தியாரும். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செல்லச்சாமி, "அக்கா, நீங்க ஏறுங்க, உங்க சீட்டு. இவுகளுக்கு நான் ஏதாவது செய்யுதேன்"னான். அவனால் ஒன்றும் செய்ய முடியாது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கிழவர் என்னைக் கேட்கக்கூட இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார், அவ்வளவுதான்.

என்னால் ஏற முடியவில்லை, சுஜி. ஏறத்தான் நினைத்தேன். சத்தியமாக ஏறத்தான் நினைத்தேன்.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. உன் வீட்டுக்காரரிடம் சொல், அவர் மேல் இருந்த கோபம் இன்னும் ஆறவில்லை. இப்போது என் மேலும் சேர்த்து வருகிறது. கிழவருக்கு ஹிந்தி அரைகுறை, தமிழ் சுத்தமாகத் தெரியாது. என்னைக் கூப்பிட ஏர்போர்ட்டுக்கு வருகிற உன் வீட்டுக்காரரிடமே பைலட் இதைக் கொடுப்பார், அவர் கிழவரைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும். அங்கே எங்கள் ஆட்கள் கூட இருந்து பார்ப்பார்கள் என்று சொல்லித்தான் ஏற்றியிருக்கிறேன், பேரைக் கெடுத்துவிடாதீர்கள். என் பை போகிறது, நான் போகவில்லை. பையில் பிரசவ மருந்தும் கருப்பட்டியும் இருக்கிறது, டாக்டரைக் கேட்டுச் சாப்பிடு. நீங்கள் போன பதினெட்டாம் தேதிக்கு அப்புறம் எழுதின கடிதம் ஒன்றும் இதோடு வருகிறது. அதைப் படிக்காதே, கிழித்துப் போடு.

வியாழக்கிழமை பிளேன் வந்தால் வருகிறேன். மேற்கே வானத்தைப் பார்த்தால் வராது போல் இருக்கிறது.

பிள்ளையை எனக்காக வைத்திருக்காதே. பெட்டியிலிருந்து எடுத்ததும் உன் மாமியார் மடியில் போடு. பாவம், அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்.

அக்கா